கதை வீரனுக்குக் களைப்பு வருமா?



நீங்கள் தாயம் ஆடியிருப்பீர்கள். பரமபதமும் ஆடியிருப்பீர்கள். பாம்பு கடித்துத் தொண்ணூறாம் கட்டத்திலிருந்து பத்தாம் கட்டத்துக்கு இறங்கிய காய், "அப்பாடா, களைத்துப் போனேன், சற்று உட்கார்கிறேன்" என்று சொன்னதுண்டா? இல்லை. காய்க்கு உடம்பு கிடையாது. பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை கட்டம் அது நகரும்; அவ்வளவுதான்.

ஆனால், காய்க்கு உடம்பு உள்ள விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதைக் கதைமாந்தர் ஆட்டம் என்று சொல்லலாம். ஒருவர் கதைசொல்லியாக இருப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராக மாறிவிடுவார்கள். "உங்கள் முன்னே ஆறு ஓடுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். "நீந்துகிறேன்" என்று வீரன் சொல்வான். அது நடக்குமா, நடக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் இவ்வகைக்கு வழிகாட்டி. இன்று உலகெங்கும் பலவகை விதிகளோடு இதை ஆடுகிறார்கள்.

சென்ற கோடை விடுமுறையில், கீழ்வேளூரில் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் இந்த ஆட்டம் தொடங்கிவிட்டது. என் தம்பி மகன்தான் கதைசொல்லி. தெருப் பிள்ளைகள் மூவர் கதைமாந்தர்கள்: ஒரு வீரன், ஒரு வைத்தியர், ஓர் ஓடக்காரி. கதை சோழர் காலத்தில் நடக்கிறது. முப்பது கிலோ நெல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினம் துறைமுகத்தை மாலைக்குள் அடைய வேண்டும்.

வீரன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சிக்கலில் நான்கு திருடர்களை அடித்து வீழ்த்தினான். மறுபடியும் ஓடினான். பகடை அவன் பக்கமே விழுந்தது. அப்போது ஓடக்காரியாக ஆடிய எட்டாம் வகுப்பு மாணவி கேட்டாள்: "ஏன் சார், இவனுக்குக் களைப்பே வராதா?"

நல்ல கேள்வி அல்லவா? களைப்பை எப்படி எண்ணுவது? வாருங்கள், பார்ப்போம்.

வேலை ஒன்று, களைப்பு வேறு

"எளிது, பெரியப்பா! வீரனுக்கு இருபது புள்ளி. கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி கழித்துவிடலாம்" என்றான் தம்பி மகன். அவன் விதி சரிதானா என்று முதலில் சோதிப்போம்.

எங்கள் ஊர்க் கேடிலியப்பர் கோயில் ஒரு மாடக்கோயில். கட்டுமலையின் மேல் இருக்கும் சந்நிதிக்குப் படியேறித்தான் போக வேண்டும். ஏறும் உயரம் 4 மீட்டர் என்றும், ஏறுபவரின் எடை 50 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை, 50 × 9.8 × 4 = 1,960 ஜூல். மெதுவாக ஏறினாலும் இதே 1,960தான். ஓடி ஏறினாலும் இதே 1,960தான். ஆனால் ஓடி ஏறியவருக்கு மட்டும் ஏன் மூச்சு வாங்குகிறது?

உணவு போதவில்லையா? அதுவும் இல்லை. தசை, தான் செலவிடும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகிவிடும். ஆகவே இந்த ஏற்றத்துக்கு உடம்பின் செலவு சுமார் 8,000 ஜூல். இது ஒன்றரைக் கிராம் சோற்றில் இருக்கிறது! களைப்புக்குக் காரணம் வேலையின் மொத்த அளவு மட்டுமன்று. அதைச் செய்யும் வேகமும்தான். 20 விநாடியில் ஏறினால் திறன் 98 வாட். 5 விநாடியில் ஏறினால் 392 வாட்.

இன்னொரு வேடிக்கை. நீர் நிறைந்த குடத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நில்லுங்கள். குடம் நகரவில்லை, ஆகவே பாடப்புத்தகக் கணக்கில் வேலை சுழி. ஆனால் இரண்டு நிமிடத்தில் கை கெஞ்சுகிறது! குடம் நகராவிட்டாலும், தசைக்குள்ளே உள்ள நுண்ணிழைகள் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமாக ஓயாமல் இயங்குகின்றன. ஒவ்வொரு பற்றலுக்கும் ஏ.டி.பி. என்ற வேதிப்பொருள் செலவாகிறது. இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களையும் நசுக்குவதால் புதிய இரத்தம் போதிய அளவு வருவதில்லை. நாள் முழுவதும் குனிந்த முதுகோடு நாற்று நடுபவரின் இடுப்பு வலிக்கும் இதில் பங்குண்டு.

ஆகவே, கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்ற விதி போதாது.

குட்டையும் வாய்க்காலும்

நம் வயல்வெளியில் ஒரு சிறு குட்டையை எண்ணிப் பாருங்கள். ஒரு வாய்க்கால் அதற்குச் சீராக நீர் கொண்டுவருகிறது. நீங்கள் குட்டையிலிருந்து இறைக்கிறீர்கள். வரத்தைவிடக் குறைவாக இறைத்தால் குட்டை வற்றாது. வரத்துக்கு மேல் இறைத்தால் வற்றத் தொடங்கும். எவ்வளவு கூடுதலாக இறைக்கிறீர்களோ அவ்வளவு விரைவில் வற்றும்.

நம் உடம்பும் இப்படித்தான். மூச்சினால் உள்ளே வரும் ஆக்சிஜனைக் கொண்டு தசை சீராகப் பெறும் ஆற்றல்தான் வாய்க்கால். தசையிலேயே ஆயத்தமாக உள்ள ஏ.டி.பி., கிரியேட்டின் பாஸ்பேட் ஆகியவையும், ஆக்சிஜன் இன்றிச் சர்க்கரையை உடைத்துப் பெறும் ஆற்றலும் குட்டை. 1965இல் மோனோ, ஷெரர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதற்கு எளிய கணக்கொன்று தந்தார்கள்:

தாங்கும் நேரம் = குட்டையின் இருப்பு ÷ (செலவு − வரத்து)

நம் வீரனின் வரத்து 150 வாட் என்றும், குட்டையின் இருப்பு 15,000 ஜூல் என்றும் கொள்வோம். 200 வாட்டில் உழைத்தால், 15,000 ÷ 50 = 300 விநாடி தாங்குவான். 250 வாட்டில் 150 விநாடி. 300 வாட்டில் 100 விநாடிதான். 140 வாட்டில் உழைத்தால்? குட்டை வற்றுவதே இல்லை!

குட்டை வற்றினால் வீரன் விழுந்துவிட வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்தால் போதும். குட்டை மறுபடி ஊறத் தொடங்கும். கிரியேட்டின் பாஸ்பேட்டின் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே திரும்பிவிடும். சடுகுடுவில் பாடிச்சென்று திரும்பியவர் மூச்சு வாங்கி, சிறிது நேரத்தில் மறுபடி பாடிச்செல்வது இதனால்தான்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில், தசை களைப்பதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. இன்று அது அவ்வளவு எளிதன்று என்று தெரிந்திருக்கிறது. கடும் உழைப்பில் சேரும் பாஸ்பேட் முதலியவை தசை இழைகளின் பற்றலையும், அவற்றை இயக்கும் கால்சியத்தின் போக்கையும் தடுக்கின்றன. லாக்டேட்டையோ உடம்பு எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கிறது.

பொய் விதி

"சரி, பெரியப்பா. பத்து நிமிஷம் உட்கார்ந்தால் குட்டை நிறையும். ஒரு ராத்திரி தூங்கினால் எல்லாமே சரியாகிவிடும். காலையில் வீரன் புது ஆள்!" என்று எழுதப் போனான் தம்பி மகன்.

ஓடக்காரி தடுத்தாள். "எங்க அம்மா நடவுக்குப் போறாங்க சார். ராத்திரி தூங்கத்தான் செய்றாங்க. ஆனா காலையில இடுப்பைப் புடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திரிக்கிறாங்க. சேர்ந்தாப்புல மூணு நாள் போனா நாலாம் நாள் முடியவே மாட்டேங்குது. தூங்கினா எல்லாம் சரியாயிடும்னு எழுதினா, அது பொய் விதி சார்."

திண்ணையில் யாரும் பேசவில்லை. நான் இயற்பியல் பாடம் நடத்துபவன். ஆனாலும் நான் விட்டுவிட்ட ஒன்றை அவள் சுட்டிக்காட்டிவிட்டாள். உடம்பில் குட்டை மட்டும் இல்லை, பத்தாயமும் இருக்கிறது.

பத்தாயம் நம் ஊர்களில் நெல் சேமித்த மரப்பெட்டி. அதை ஒரு நாளில் காலிசெய்துவிட முடியாது. ஒரு நாளில் நிரப்பிவிடவும் முடியாது. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சர்க்கரை சேமிக்கப்பட்டிருக்கிறது. நெடுநேர உழைப்பில் அது கரைகிறது. நன்றாகக் கரைந்துவிட்டால், வயிறாரச் சோறு உண்டாலும் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். பழக்கமில்லாத கடும் உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்காயங்களின் வலி, ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்தை அடைகிறது. தூக்கக் குறைவும் சேர்ந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

மூளையும் இதில் பங்குகொள்கிறது. இத்தாலியின் டூரின் நகரில் வாழ்ந்த ஆஞ்சலோ மோசோ, விரலால் எடையை இழுக்க இழுக்க அதைத் தாளில் கோடாகப் பதியும் கருவி ஒன்றை அமைத்தார். களைப்பைப் பற்றிய அவரது நூல் 1891இல் வெளிவந்தது. நெடுநேரம் மூளைக்கு வேலை கொடுத்தபின் விரலின் இழுக்கும் வலிமையும் குறையக்கூடும் என்று அவர் கண்டார். தேர்வுக்கு முதல்நாள் இரவு முழுவதும் விழித்திருப்பவர்கள் இதைக் கவனிக்க!

வெயில் பறிக்கும் பங்கு

கடலை ஒட்டிய நம் டெல்டாவில் இன்னொரு செலவும் உண்டு. உடம்பு 400 வாட் அளவில் ஆற்றலைச் செலவிட்டால், அதில் குறைந்தது 300 வாட் வெப்பமாகிறது. ஒரு மணி நேரத்தில் இது சுமார் 11 லட்சம் ஜூல். இதை வெளியேற்றுவது எப்படி? ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆகவே அரை லிட்டருக்கும் குறைந்த வியர்வை போதும்.

ஆனால் அது ஆவியாக வேண்டும்! காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை நீரைத்தான் இழக்கச் செய்கிறது, வெப்பத்தை அல்ல. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு 35 டிகிரியை எட்டினால் மனித உடம்பு தாங்காது என்று கருதி வந்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஈரமான சூழலில் 31 டிகிரி அளவிலேயே, இலேசான வேலையின்போதே, உடலின் வெப்பம் கட்டுக்கு மீறி ஏறத் தொடங்கியது தெரிந்தது. நண்பகலில் வேலையை நிறுத்தி மரநிழலில் அமர்ந்து மோர் குடிப்பது சோம்பல் அன்று, இயற்பியல்!

பிறர் எழுதிய விதிகள்

வெளிநாட்டு ஆட்டங்கள் என்ன செய்தன? 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டுத் தொடக்கநிலைப் பதிப்பில், 50 நிமிடம் நடந்தால் 10 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஓயாவிட்டால் சண்டையில் 1 குறையும். 1986இல் வந்த 'கர்ப்ஸ்' என்ற ஆட்டம் களைப்பைப் புள்ளிகளாக எண்ணியது. ஓய்வெடுத்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி திரும்பும். இவை இரண்டும் பெரும்பாலும் நம் குட்டையைப் போன்றவை.

2014ஆம் ஆண்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பதிப்பில் களைப்புக்கு ஆறு படிகள். ஆறாம் படியில் மரணம். அதில் ஓர் இரவு ஓய்வெடுத்தால் உடற்புள்ளிகள் எல்லாம் திரும்பிவிடும். ஆனால் களைப்பு மட்டும், உணவும் நீரும் கிடைத்தால்கூட, ஒரு படிதான் குறையும். இது பத்தாயம் அல்லவா? 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் கணக்கை இன்னும் எளிதாக்கி, படிக்கு 2 வீதம் பகடை எண்ணில் கழிக்கச் செய்தார்கள்.

எளிமையும் வேண்டும், நண்பர்களே. ஒவ்வொரு ஜூலையும் எண்ணத் தொடங்கினால் ஆட்டம் நின்றுவிடும், கணக்குதான் நடக்கும். எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று தேர்ந்தெடுப்பது ஆட்டக்காரருக்கும் அறிவியலாருக்கும் பொதுவான வேலை.

திண்ணை விதிகள்

முடிவில் எங்கள் பிள்ளைகள் எழுதிக்கொண்ட விதிகள் இவை:

1. குட்டைக்குப் பத்துப் புளியங்கொட்டை. ஓட்டம், சண்டை போன்ற கடும் உழைப்புக்குப் பத்து விநாடிக்கு ஒரு கொட்டை செலவு. அளவான நடைக்குச் செலவில்லை. உட்கார்ந்தால் நிமிடத்துக்கு ஒரு கொட்டை திரும்பும்.

2. பத்தாயத்துக்கு ஆறு சோழி. சுமையோடு இரண்டு மணி நேரம் உழைத்தால் ஒரு சோழி செலவு. நிழலும் நீரும் இன்றி நண்பகலில் உழைத்தால் இன்னொரு சோழி.

3. வயிறாரச் சாப்பிட்டு இரவு தூங்கினால் மூன்று சோழிதான் திரும்பும்.

4. குறைந்த ஒவ்வொரு சோழிக்கும் பகடை எண்ணில் 1 கழியும்.

நான்காம் விதியைச் சற்றுக் கவனியுங்கள். இரண்டு பகடை உருட்டி 7 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. களைப்பில்லாதவனுக்கு 36இல் 21 வாய்ப்பு. ஒரு சோழி குறைந்தால் 15. இரண்டு குறைந்தால் 10. மூன்று குறைந்தால் 6. நான்கு குறைந்தால் 3தான். வீரன் அதே வீரன்தான்; ஆனால் களைத்த பின் அவன் வெற்றி ஏழில் ஒரு பங்காகிவிட்டது.

மறுபடியும் ஆடினார்கள். வீரன் வழக்கம்போல் ஓடினான். நூறு விநாடியில் கொட்டை தீர்ந்தது. மூட்டையோடு சாலையோரம் உட்கார்ந்தான். எழுந்து ஓடினான், மறுபடி உட்கார்ந்தான். ஓடக்காரியோ சுமையை வைத்தியரோடு மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, சீராக நடந்து, உச்சி வெயிலுக்கு முன்பே நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தாள்.

நான்காம் நாள் காலை

ஆட்டம் முடிந்தபின் அந்த மாணவி சோழிகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "இப்ப எங்க அம்மா கணக்கைப் போடுறேன் சார்" என்றாள்.

ஒரு நாள் நடவுக்கு நான்கு சோழி செலவு என்று வைத்தாள். முதல் நாள் ஆறு, மாலையில் இரண்டு, தூங்கி எழுந்தால் ஐந்து. இரண்டாம் நாள் மாலை ஒன்று, காலையில் நான்கு. மூன்றாம் நாள் மாலை சுழி, காலையில் மூன்று. நான்காம் நாள் வேலைக்கு நான்கு வேண்டும். கையில் மூன்றுதான் இருக்கிறது.

தினமும் பற்றாக்குறை ஒரே ஒரு சோழிதான். பார்ப்பவருக்கு அது தெரியாது. முதல் நாள் சிரித்துக்கொண்டே நடவுப்பாட்டுப் பாடியவர், நான்காம் நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்!" என்று சொல்வோம்.

ஒரு நாள் செலவை மட்டும் நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்துப் பாருங்கள். நண்பகலில் நிழல் கிடைத்தாலோ, வீட்டுக்கு வந்தபின் தண்ணீர் தூக்கும் வேலையை வேறொருவர் செய்தாலோ அந்த ஒரு சோழி மிஞ்சும். அப்போது காலைதோறும் பத்தாயத்தில் ஆறு சோழி இருக்கும்!

ஆறு, நான்கு, மூன்று என்ற இந்த எண்கள் நாங்கள் வைத்தவை. அளந்து கண்டவை அல்ல. ஆளுக்கு ஆள் அவை மாறும். ஆனால், சிறு பற்றாக்குறை நாளுக்கு நாள் சேரும் என்ற கணக்கின் போக்கு உண்மையானது. அவள் தாயார் அதைச் சோழி இல்லாமலே அறிந்திருந்தார்.

மறுநாள் மாலை ஆட்டத்துக்கு ஓடக்காரி வரச் சற்று நேரமாயிற்று. கேட்டதற்கு, "ஒரு சோழி மிச்சம் பிடிச்சுட்டு வந்தேன் சார்" என்றாள். இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

நீங்களே செய்து பாருங்கள்

கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு கையை இயன்றவரை விரைவாக மூடித் திறங்கள். 30 விநாடியில் எத்தனை முறை என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 விநாடி மட்டும் ஓய்வெடுத்து மறுபடி எண்ணுங்கள். பின்னர் 3 நிமிடம் ஓய்வெடுத்து எண்ணுங்கள். உங்கள் குட்டை எவ்வளவு விரைவில் ஊறுகிறது என்று தெரியும். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

பிறகு உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆறு சோழி வைத்து, காலை முதல் இரவு வரை கணக்கெழுதிப் பாருங்கள். இரவில் யாருடைய பத்தாயம் முதலில் காலியாகிறது? அவருக்கு ஒரு சோழியை மிச்சப்படுத்த நீங்கள் என்ன செய்யலாம்?